குதிரைக்கு ஒன்றுமில்லை

கதிர்,

புனே வீட்டில் கேஸ் இணைப்பு வந்துவிட்டது, மேஹக் முதல்முதலாக ரசம் வைத்தாள், அது சாம்பார் மாதிரி இருந்தது என்றெல்லாம் அப்பா சொன்னார். சந்தோஷம். நான் போனில் பேசும்போது தண்ணீர் வருகிறதா, வேலைக்கு ஆள் கிடைத்ததா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறேன். சொல்ல வந்ததைச் சொல்வதில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். தமிழில் எழுதினால் நீ எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய் என்று தெரியும். ஐந்தாம் வகுப்போடு தமிழ் போதும் என்று நீ சொன்னபோது நானும் சரியென்று விட்டவள்தான். ஆனால் ஆங்கிலத்தில் ஆரம்பித்தால் எனக்கு ஆஸ்பத்திரி ரிப்போர்ட் மாதிரி வருகிறது. வயது இவ்வளவு, அறிகுறி இது, கொடுத்த மருந்து இது. இத்தனை வருஷம் குதிரைகளைப் பற்றி அப்படி எழுதியே பழகிய கை. உன்னைப் பற்றி அப்படி எழுத மனம் வரவில்லை. மெதுவாகப் படி. புரியாத வார்த்தை வந்தால் எனக்குப் போன் செய். அதற்காகவாவது நீ கூப்பிடுவாய்.

உங்கள் கல்யாண ஆல்பம் வந்திருக்கிறது. முதல் நாள் காலையில் கோவிலில் நம் முறைப்படி தாலி கட்டியது, மறுநாள் பகலில் பஞ்சாபி பாக் மண்டபத்தில் அவர்கள் முறைப்படி நடந்தது, மதுரை அத்தை டோல் மேளத்துக்கு ஆடியது, எல்லாம் இருக்கிறது. குதிரைமேல் நீ உட்கார்ந்திருக்கும் படம் மட்டும் ஒன்றுகூட இல்லை. மேஹக்கின் அப்பா சொல்லித்தான் அவற்றை நீக்கியிருப்பார்கள். உன் அப்பா புரட்டிப் பார்த்துவிட்டு, நல்ல மனுஷன் என்று மட்டும் சொல்லி மூடிவைத்தார். எனக்கு அந்த இல்லாத படங்கள்தான் திரும்பத் திரும்பக் கண்ணில் வருகின்றன. பாராத் என்று அவர்கள் சொல்லும் அந்த மாப்பிள்ளை ஊர்வலத்தில், நீ குதிரைமேல் இருந்த கொஞ்ச நேரமும் உனக்கு மிகப் பக்கத்தில் நின்றவள் நான். என் தோள் உன் முழங்காலைத் தொட்டுக்கொண்டிருந்தது. அப்படியிருந்தும் நான் உன்னைப் பார்க்கவில்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

என் வேலை என்னவென்று உனக்குத் தெரியும். ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் என் குற்றம் அதிலிருந்துதான் தொடங்குகிறது. நான் குதிரை டாக்டர். உன் அப்பாவுக்கு மத்திய அரசில் வேலை என்பதால் டெல்லிக்கு வந்தேன். நஜஃப்கட் ரோட்டில் தர்மத்துக்கு நடத்தும் ஒரு சின்ன மிருக ஆஸ்பத்திரியில் சேர்ந்து, இன்றுவரை அங்கேதான் இருக்கிறேன். அங்கே வருவதெல்லாம் ஏழை வீட்டுக் குதிரைகள். செங்கல் சூளையில் வண்டி இழுப்பவை, கல்யாணங்களில் மாப்பிள்ளையைச் சுமப்பவை. புதிதாக வரும் இளம் டாக்டர்களுக்கு நான் முதலில் ஊசி போடக் கற்றுக்கொடுப்பதில்லை. தூரத்தில் நிற்கக் கற்றுக்கொடுப்பேன். குதிரை வேட்டையாடப்படும் பிராணி. வலியைக் காட்டினால் புலி தன்னைத்தான் முதலில் பிடிக்கும் என்று அதன் ரத்தத்தில் இருக்கிறது. அறிமுகமில்லாத ஆள் கிட்டே வந்ததும் நொண்டிக்கொண்டிருந்த குதிரை காலை நேராக ஊன்றி நிற்கும். அதனால் லாயத்துக்கு வெளியே ஓரமாக நின்று, அது தனியாக இருப்பதாக நினைக்கும்போது எப்படி நிற்கிறது என்று பார் என்பேன். எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். நான் வீட்டுக்குள் வந்ததும் என் மகன் ஏன் முதுகை நிமிர்த்தி உட்காருகிறான் என்று மட்டும் யோசித்ததில்லை.

நீ ஒன்பதாவது படிக்கும்போது லீவு நாளில் என்னோடு ஆஸ்பத்திரிக்கு வந்தாய். அன்று சூளையிலிருந்து ஒரு பெட்டைக் குதிரையைக் கொண்டுவந்திருந்தார்கள். மயிலைக்கும் சாம்பலுக்கும் நடுவே ஒரு நிறம். சேணம் உரசி உரசி முதுகில் புண். நான் புண்ணைச் சுத்தம் செய்தபோது அது அசையவே இல்லை. சொந்தக்காரர் பெருமையாக, "பஹுத் சீதீ ஹை, டாக்டர் சாப்" என்றார். ரொம்ப சாது என்கிறார். நீ அதன் முகத்துக்கு நேரே நின்றுகொண்டிருந்தாய்.

"அம்மா, கண்ணுல ஈ உக்காந்திருக்கு. அது ஏன் கண்ணை மூடல?"

அன்று உனக்கு நான் அழகாக விளக்கினேன். இது சாது இல்லைடா, இது விட்டுவிட்டது என்றேன். ஓடிப் பார்த்து, உதறிப் பார்த்து, எதற்கும் பலனில்லை என்று தெரிந்தபின் குதிரை உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ளும். பார்க்கிறவர்கள் அதை நல்ல குதிரை என்பார்கள். துள்ளுகிற குதிரையைவிட இப்படி நிற்கிற குதிரைக்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன் என்றேன். நீ தலையாட்டிக் கேட்டுக்கொண்டாய். அதே வாரம் ஜனக்புரியில் நம் பக்கத்து வீட்டம்மா தன் பையன் படுத்தும் பாட்டைச் சொல்லி அழுதபோது, "எங்க கதிர் இருக்கற எடமே தெரியாதுங்க, அவ்வளவு சமத்து" என்று நீ கேட்கவே சொன்னேன். அந்த வருஷங்களில் ஒவ்வொரு பரீட்சைக்கு முன்னும் நீ குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாய் என்று அப்பா இப்போது சொல்கிறார். எனக்குக் குழாய்ச் சத்தம் கேட்டது. தண்ணீரை வீணாக்காதே என்று கதவைத் தட்டியிருக்கிறேன்.

அதெல்லாம் பழைய கதை. பழைய கதைக்கு மன்னிப்புக் கேட்பது சுலபம், காலம் பாதி வேலையைச் செய்துவைத்திருக்கும். நான் சொல்ல வந்தது அண்மையில் நடந்தவற்றைத்தான். போன வருஷம் கோடையில் நீ ராஜீவ் சௌக் மெட்ரோவிலிருந்து கூப்பிட்டாயே, அது. நான் அப்போது வயிற்றுவலியில் உருண்டுகொண்டிருந்த ஒரு குதிரையோடு இருந்தேன். தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு எடுத்தேன்.

"மா, மூச்சு விட முடியல. படில கீழ எறங்க முடியல. ஜனங்க எல்லாம்..."

"நெஞ்சு வலிக்குதா? எடது கை?"

"தெரியல. கை மரத்துப்போச்சு. அம்மா, நீ கொஞ்ச நேரம் பேசிட்டே இரேன்."

"கதிர், இங்க ஒரு குதிரை சாகக் கெடக்கு. தண்ணி குடி. நேரா போய் ஈசிஜி எடுத்துரு. ரிப்போர்ட்டை எனக்கு அனுப்பு."

சாயங்காலம் ரிப்போர்ட் வந்தது. எல்லாம் சரியாக இருந்தது. "நார்மல்தானே, அப்பறம் என்ன?" என்றேன். நீ, ஒண்ணுமில்லமா என்றாய். அந்தக் குதிரை பிழைத்துவிட்டது என்று உன்னிடம் சொன்னதும் நினைவிருக்கிறது. நீ, அச்சா, நல்லதுமா என்றாய். கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிரு என்று நீ கேட்டது என் காதில் விழுந்தது, கதிர். விழவில்லை என்று சொல்லமாட்டேன். பயந்துபோன ஒரு உயிருக்குப் பக்கத்தில் பழகிய குரல் கேட்டுக்கொண்டிருந்தால் போதும், அதன் நெஞ்சுத் துடிப்பு இறங்கும் என்பது எனக்குத் தெரிந்த அளவுக்கு டெல்லியில் அதிகம் பேருக்குத் தெரியாது. தெரிந்தேதான் போனை வைத்தேன்.

அதற்குப் பிறகுதான் நீயாகவே ஒரு மனநல டாக்டரிடம் போக ஆரம்பித்திருக்கிறாய். மேஹக்குக்குத் தெரியும். அப்பாவுக்கும் பாதி தெரியும். மருந்து வாங்கக்கூட அவர் உன்னோடு வந்திருக்கிறார். வீட்டில் ஒரே ஒரு டாக்டர், எனக்கு மட்டும் தெரியாது. கல்யாணம் முடிந்தபின் இது தெரியவந்தபோது எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. என்னிடம் ஏன் மறைத்தீர்கள் என்று அப்பாவிடம் கத்தினேன். பிறகு தனியாக உட்கார்ந்திருந்தபோது, நான் இளம் டாக்டர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதே எனக்குத் திரும்பிவந்தது. யாரைப் புலி என்று நினைக்கிறதோ அவர்கள் முன்னால்தான் குதிரை நொண்டாமல் நிற்கும். என் மகன் என் முன்னால் நொண்டவே இல்லை.

கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது நீ சமையலறை வாசலில் வந்து நின்றாய்.

"அம்மா, குதிரை வேணாமே. கார்லயே வந்துர்றேன். மேஹக் வீட்ல ஓகேதான்."

நான் சிரித்தேன். "குதிரை டாக்டர் மகன் குதிரைக்குப் பயந்துட்டான்னு ஊரே சிரிக்கும். நானே நல்ல குதிரையா பாத்து எடுக்கறேன். பட்டாசு வேணாம்னு அவங்க வீட்ல சொல்லிடறேன். போதுமா?"

"குதிரைக்குப் பயமில்லமா..."

"பின்ன என்ன?"

நீ என்னைப் பார்த்தாய். பிறகு, "சரிமா, நீ பாத்துக்கோ" என்று போய்விட்டாய். 'பின்ன என்ன' என்பதை ஒரு கேள்வி மாதிரி நான் கேட்கவில்லை. கதவைச் சாத்துவது மாதிரி கேட்டேன். கேள்வியாகக் கேட்டிருந்தால் நீ சொல்லியிருப்பாய். உயரத்தில் உட்காரவைத்து, முகத்தின்மேல் பூச்சரத்தைத் தொங்கவிட்டு, தெருவே பார்க்க, நினைத்த நேரத்தில் இறங்க முடியாமல் இருப்பதுதான் பயம் என்று சொல்லியிருப்பாய். ராஜீவ் சௌக் படிக்கட்டும் அதேதான் என்று எனக்கும் புரிந்திருக்கும். நான் அடுத்த நாளே, கல்யாணங்களுக்குக் குதிரை வாடகைக்கு விடும் ராம்பாலின் லாயத்துக்குப் போய் சாந்தினியைத் தேர்ந்தெடுத்தேன். வெள்ளைப் பெட்டைக் குதிரை, வயசு கூடியது, நூறு கல்யாணம் பார்த்தது. நெஞ்சுத் துடிப்பைக்கூடக் கேட்டுப் பார்த்துத்தான் சம்மதித்தேன். உன் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தேனா?

ஊர்வலத்தன்று பகல் நல்ல வெயில். பனிக்காலத்தில் அபூர்வமாகக் கிடைக்கும் வெயில். பேண்டு வாசித்தார்கள், டோல் அடித்தார்கள். நம் ஊரிலிருந்து வந்தவர்கள் முதலில் வெட்கப்பட்டு நின்றுவிட்டு, பிறகு மேஹக்கின் மாமாக்களைவிட அதிகமாக ஆடினார்கள். நான் குதிரையின் இடது பக்கமாக நடந்துவந்தேன். மாப்பிள்ளையின் அம்மா நடக்கவேண்டிய இடம் அதுவல்ல என்று யாரோ சொன்னார்கள். எனக்கு அங்கேதான் பெருமை. மண்டபத்துக்குத் திரும்பும் முனையில், வேண்டாம் என்று சொல்லியிருந்தும் யாரோ ஒரு சரவெடியைக் கொளுத்திவிட்டார்கள். சாந்தினியின் தலை மேலே போயிற்று. காதுகள் பின்னால் படிந்தன. கண்ணின் வெள்ளை தெரிந்தது. கழுத்தில் வியர்வை. ராம்பால் கடிவாளத்தை இழுத்துப் பிடித்து, "டர் கயீ, மேடம்ஜீ" என்றார். பயந்துவிட்டது என்கிறார். அதை எனக்கு யாரும் சொல்லவேண்டியதில்லையே.

நான் கையைத் தூக்கி பேண்டை நிறுத்தினேன். "எல்லாரும் தள்ளுங்க, ஹட் ஜாயியே, குதிரை நடுங்குது" என்று இரண்டு பாஷையிலும் கத்தினேன். கூட்டம் விலகிற்று. அதன் தோளில் உடம்பைச் சாய்த்து, கழுத்தில் கை வைத்து, தாழ்ந்த குரலில் பேச ஆரம்பித்தேன். என் தோளில் ஏதோ வேகமாக அதிர்ந்துகொண்டிருந்தது. குதிரை இவ்வளவு நடுங்குகிறதே, இதற்கு மருந்து கொடுக்கவேண்டி வருமோ என்று நினைத்தேன். குதிரை அடங்கியது, அதிர்வு அடங்கவில்லை. அது உன் கால். என் தோளில் பட்டுக்கொண்டிருந்த உன் முழங்கால். எனக்கு அது புரிந்தது நீ இறங்கிய பிறகுதான். நீ முகத்திலிருந்த பூச்சரத்தைப் பிய்த்துக் கையில் பிடித்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல், மண்டபத்தின் பின்பக்கமாக நடந்து போனாய். தண்ணீர் குடிக்கப் போகிறான் என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் சொன்னேன். சொல்லிவிட்டு நான் குதிரையோடு நின்றேன், கதிர். அது தலையைத் தாழ்த்தி, வாயை மென்று, மூக்கால் நீளமாக மூச்சு விடும்வரை அதோடு நின்றேன். அதற்கப்புறம்தான் உன்னைத் தேடி வந்தேன்.

சமையல்காரர்கள் பாத்திரம் கழுவும் இடத்தில், கவிழ்த்துப்போட்ட பிளாஸ்டிக் கிரேட்டில் நீ உட்கார்ந்திருந்தாய். பக்கத்தில் இன்னொரு கிரேட்டில், அத்தனை கனமான லெஹங்காவோடு மேஹக் உட்கார்ந்திருந்தாள். முகூர்த்தத்துக்கு முன் பெண் வெளியே வரக்கூடாது என்று உள்ளே அவள் பெரியம்மா சத்தம் போட்டுக்கொண்டிருந்தது கேட்டது. அவள் உன் கையைப் பிடித்திருக்கவில்லை. முதுகைத் தடவவில்லை. என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. நீ பார்த்த திசையிலேயே அவளும் பார்த்துக்கொண்டு, தோளுக்குத் தோள் ஒரு சாண் இடம் விட்டு, சும்மா உட்கார்ந்திருந்தாள். மிரண்ட குதிரையின் பக்கத்தில் இன்னொரு குதிரை வந்து நிற்கும்போது அப்படித்தான் நிற்கும். முகத்துக்கு முகம் பார்க்காது. ஆறுதல் சொல்லாது. நான் இங்கே மேய்ந்துகொண்டிருக்கிறேன், எனக்கு ஒன்றும் தெரியவில்லை, நீ மெதுவாக வா என்பதுபோல் நிற்கும். இதை நான் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். ஒரு மனிதப் பிறவி செய்து அன்றுதான் பார்த்தேன்.

நான் வாயைத் திறந்தேன். "என்னடா ஆச்சு? சாப்பிடலையா காலைல?"

மேஹக் திரும்பாமலே கையை மட்டும் கொஞ்சம் உயர்த்தினாள். "ஆன்ட்டி, அபி நஹீ." இப்போது வேண்டாம். மரியாதையாகத்தான் சொன்னாள். நான் நின்றேன். பாத்திரம் கழுவுபவர்கள்கூட சத்தமில்லாமல் கழுவினார்கள். வெகுநேரம் கழித்து உன் தோள் இறங்கியது. ஒரு பெரிய மூச்சு வெளியே வந்தது. பிறகு நீ கேட்டது என்ன தெரியுமா?

"அம்மா, குதிரை எப்படி இருக்கு?"

நான் பதில் சொன்னேன். துடிப்பு இறங்கிவிட்டது, வியர்வை காய்கிறது, ராம்பால் ஓரமாகக் கூட்டிப்போயிருக்கிறார் என்று நல்ல டாக்டராக விவரமாகச் சொன்னேன். நீ கேட்டுவிட்டு, "அதுக்குப் பயமா இருக்குன்னு உனக்கு டக்னு தெரிஞ்சுதுல்ல" என்றாய். குறையாகச் சொல்லவில்லை. ஏதோ ஒரு நல்ல விஷயத்தைக் கவனித்த மாதிரி சொன்னாய். என்னை நீ திட்டியிருந்தால் எனக்கு இன்று இவ்வளவு வலித்திருக்காது.

அதோடாவது நான் நிறுத்தியிருக்கலாம். நீ எழுந்து, மேஹக்கோடு சேர்ந்து மண்டபத்துக்குள் நடந்தே வந்தாய். மாப்பிள்ளையும் பெண்ணும் ஒன்றாக உள்ளே வருகிறார்களே என்று எல்லோரும் திகைத்து நின்றார்கள். மதுரை அத்தை ஓடிவந்து என்ன என்ன என்றார். நீ வாயைத் திறந்தாய். ஏதோ சொல்லப் போனாய். அதற்குள் நான் முந்திக்கொண்டு, "குதிரைக்கு உடம்பு சரியில்ல மதினி, பாவம், நோய்ப்பட்ட குதிரை, நானே எறங்கிரச் சொல்லிட்டேன்" என்றேன். எல்லோரும் ஐயோ பாவம் என்றார்கள். நான் உன்னைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்தேன். நீ என்னைப் பார்த்த பார்வை, கண்ணில் ஈ உட்கார்ந்தும் மூடாத பார்வை. கதவு உள்ளே சாத்திக்கொள்ளும் சத்தம் எனக்கு அப்போதுதான் முதல்முறையாகக் கேட்டது.

நீங்கள் புனே போக ஏற்பாடு செய்துகொண்டிருந்த நாட்களில் ஒருநாள் துணி மடித்துக்கொண்டே கேட்டாய். "ஏம்மா அன்னிக்கு குதிரைக்குன்னு சொன்ன? நான் சொல்லிரலாம்னு இருந்தேன். டாக்டர்கூட ப்ராக்டிஸ் பண்ணிருந்தேன். எல்லாரும் இருக்கும்போது ஒரே தடவை சொல்லிட்டா, அப்பறம் மறைக்க வேண்டியதில்லைன்னு." ஊர் என்ன நினைக்கும் என்று பயந்தேன் என்பதுதான் உண்மை. பயந்தது நான். அதைக்கூட உன்னிடம் சொல்லாமல், "மடிச்சது போதும், போய்ச் சாப்பிடு" என்றேன்.

அதற்கு மறுநாள் சாந்தினியைப் பார்க்க ராம்பால் லாயத்துக்குப் போனேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, சும்மா பார்க்கத்தான். வேலிக்கு வெளியே நின்றேன். தெருவில் ஒரு டெம்போ பயங்கரமாக வெடிச் சத்தம் விட்டுப் போனது. சாந்தினி தலையைத் தூக்கி இரண்டு எட்டு ஓடிற்று. கூட இருந்த குதிரைகளும் நிமிர்ந்தன. ஒன்றும் வரவில்லை என்று தெரிந்ததும் உடம்பை ஒரு உதறு உதறிவிட்டு, மறுபடி புல்லுக்குக் குனிந்துவிட்டது. பயந்ததற்கு அது வெட்கப்படவில்லை. மற்றவை அதைப் பார்த்துச் சிரிக்கவில்லை. பயம் வந்தது, உடம்பு வழியாகப் போயிற்று, முடிந்தது. குதிரையிடம் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது என்று என்னை யாராவது கேட்டால் நான் தைரியம் என்று சொல்லமாட்டேன். அதற்கு நம்மைவிடப் பயம் அதிகம். அது பயத்தைத் தன் கூட்டத்தின் நடுவே நின்று பயப்படுகிறது, அவ்வளவுதான். அதை உள்ளே பூட்டிவைக்க அதற்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. உனக்கு நான் சொல்லிக்கொடுத்தேன். சமத்து என்ற வார்த்தையால் சொல்லிக்கொடுத்தேன்.

உனக்கு அறிவுரை சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஆனாலும் அம்மா என்பதால் கொஞ்சம் சொல்கிறேன், பொறுத்துக்கொள். நடுக்கம் வந்தால் நடுங்கிவிடு, பிடித்து நிறுத்தாதே. முடிந்ததும் கொஞ்சம் நட, ஏதாவது சாப்பிடு. அடுத்த தடவை எப்போது வரும் என்று காத்துக்கொண்டு உட்காராதே என்று உன் டாக்டரும் சொல்லியிருப்பார். அவர் சொல்வதைக் கேள், மருந்தை நீயாக நிறுத்தாதே. மேஹக்கும் ஒருநாள் மிரளுவாள். அவளுக்கும் புது ஊர், புது வேலை. அன்று அவளுக்கு வழி சொல்லாதே. பக்கத்தில் போய் உட்கார். அதை உனக்குக் கற்றுக்கொடுக்க நான் வேண்டாம், அவளே போதும்.

நீங்கள் புனே கிளம்பிய அன்று நிஜாமுதீன் ஸ்டேஷனில் நடந்ததை நீ எப்படி எடுத்துக்கொண்டாய் என்று எனக்குத் தெரியாது. அப்பாவும் மேஹக்கும் கூலிக்காரரோடு மேம்பாலத்தில் முன்னால் போய்விட்டார்கள். கூட்டம் நெருக்கிற்று. நீ படிக்கட்டின் பாதியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாய்.

"நீ போமா. நான் வரேன்."

என் வாயில் என்னவெல்லாமோ வந்தது. தண்ணி குடி, உக்காரு, டிரெயினுக்கு நேரமாச்சு, ஒண்ணுமில்லடா. எல்லாவற்றையும் விழுங்கினேன். உன் பக்கத்தில் வந்து நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, நீ பார்த்த பக்கமாகவே தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பின்னாலிருந்து ஒருவர், "மாதாஜி, ஜல்தி கரோ" என்று அவசரப்படுத்திக் கத்தினார். நான் நகரவில்லை. அவர் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார். எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது தெரியுமா? ஒரு குதிரைக்காக அரைநாள் பேசாமல் நிற்பவளுக்கு, பெற்ற பிள்ளைக்காகக் கொஞ்சநேரம் வாயை மூடி நிற்பது அவ்வளவு கஷ்டமாக இருந்தது. பிறகு நீ மூச்சை விட்டாய். என் பக்கம் திரும்பி லேசாகச் சிரித்தாய்.

"ரொம்ப கஷ்டப்பட்டு சும்மா நிக்கறல்ல?"

"ஆமாடா."

"சரி வா, போலாம்." நாலு படி ஏறியதும் திரும்பாமலே சொன்னாய். "அம்மா, இனிமே யாராவது கேட்டா குதிரையைச் சொல்லாத."

அதனால்தான் இதை உனக்கு எழுதவேண்டும் என்று இருந்தது. முந்தாநாள் மதுரையிலிருந்து உன் அத்தை போன் செய்தார். ஆல்பம் வந்துவிட்டதா, தன் ஆட்டம் நன்றாக விழுந்திருக்கிறதா என்று கேட்டார். எல்லாம் பேசிவிட்டு, வைக்கப் போகும்போது கேட்டார்.

"ஏம்மா, அந்தக் குதிரை இப்ப எப்படி இருக்கு? பொழச்சிருச்சா?"

பொழச்சிருச்சு மதினி என்று சொல்லி முடித்துவிட ஒரு நொடி போதும்.

"குதிரைக்கு ஒண்ணுமில்ல மதினி. அன்னிக்கு முடியாமப் போனது கதிருக்கு. அவனுக்குக் கூட்டத்துல மூச்சு அடைக்கற மாதிரி வரும். ரொம்ப நாளா இருக்கு, டாக்டர்ட்ட பாத்துக்கிட்டு இருக்கான். பக்கத்துல நின்னும் நான் அவனைப் பாக்கல. அப்பறம் எல்லார்ட்டயும் பொய் சொல்லிட்டேன்."

இனி இது குடும்பம் முழுக்கப் பரவும், அவரவர் ஒரு வைத்தியம் சொல்வார்கள், உனக்கு நான் இன்னொரு கஷ்டத்தை இழுத்துவிட்டேனோ என்று நினைத்தேன். பிறகு அத்தை பேசினார். எப்போதும் கணீரென்று பேசுகிறவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"எங்க வீட்ல அவுகளுக்கும் அப்படித்தாம்மா. பஸ்ஸுல ஏற மாட்டாக. கல்யாணம் காச்சின்னா வாசலோட நின்னுருவாக. அன்னிக்கு டெல்லிக்கு ஏன் வரலைன்னு நீங்கள்லாம் கோவிச்சுக்கிட்டீகளே. முழங்கால் வலின்னு நான்தான் சொன்னேன். இத்தனை வருசமா முழங்கால் வலின்னுதான் சொல்லிக்கிட்டு இருக்கேன்."

மாமாவை எந்த டாக்டரிடம் காட்டவேண்டும், என்ன செய்யவேண்டும் என்று எனக்கு உடனே நாக்கு நுனிவரை வந்துவிட்டது, கதிர். சொல்லவில்லை. "சொல்லுங்க மதினி" என்று மட்டும் சொன்னேன். அடுப்பை அணைத்துவிட்டு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அவர் சொல்லிக்கொண்டே போனார்.

அம்மா